அட்டையில் வாங்கினாலும் அன்றைக்கே எழுதுவோம்

(நமது கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் கணக்குப் பயிற்றுநர் ஆற்றிய உரை)



சாப்பாட்டுக்கு முன்னாடி கணக்கைப் பத்திப் பேசச் சொல்லிட்டாங்க. சீக்கிரம் முடிச்சிடுறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க.

பயிற்சிக்குப் போகிற இடங்களில் நான் கேட்கிற ஒரு கேள்வி இருக்கு. "யார் வீட்ல கிரெடிட் கார்டு இருக்கு?" கூட்டத்துல கேட்டா ஒரு கைகூடத் தூக்க மாட்டாங்க. டீ குடிக்கிற நேரத்துல ஒவ்வொருத்தரா பக்கத்துல வந்து மெதுவாச் சொல்லுவாங்க. "வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணு இருக்குங்க." "பையன் வேலைக்குச் சேர்ந்ததும் கம்பெனியில குடுத்தாங்க." "என் பேர்லயே இருக்கு மேடம், கொழுந்தனார்தான் தேய்க்கிறார்." அட்டை வைத்திருப்பது தப்பு இல்லை. ஆனால் அதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறோம், அதனால் எழுதவும் மாட்டேன் என்கிறோம். இன்றைக்கு அந்த எழுதுகிற விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கின. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு குழு நல்ல குழுவா என்று வங்கி எதை வைத்துப் பார்க்கிறது? தீர்மானப் புத்தகம், ரொக்கப் பேரேடு, சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அக்காமார்கூட, "என் பக்கத்தைக் காட்டு, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு" என்று கேட்கிற அளவுக்கு வந்திருக்கிறோம். குழுவுக்கு இவ்வளவு ஒழுங்காக எழுதுகிற நாம், வீட்டுக்கு எழுதுகிறோமா என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

அட்டை என்பது முன்பணம்

நம்ம ஊரில் கடன் அட்டையை விளக்குவது சுலபம். தறி வீட்டில் முன்பணம் என்றால் என்னவென்று குழந்தைக்கும் தெரியும். சங்கமோ முதலாளியோ பாவு, ஊடை, ஜரிகையை எடை போட்டுக் கொடுப்பார்கள், பாஸ் புத்தகத்தில் எழுதுவார்கள். நடுவில் கல்யாணம், காதுகுத்து என்று முன்பணம் வாங்கினால் அதுவும் ஏறும். சேலையை இறக்கிக் கூலி வாங்கும்போது அதைக் கழிப்பார்கள். முன்பணத்தை யாரும் சம்பாத்தியம் என்று நினைக்க மாட்டார்கள். இன்னும் நெய்யாத சேலையின் கூலி அது.

கடன் அட்டையும் அப்படித்தான். வித்தியாசம் என்னவென்றால், முன்பணம் வாங்கும்போது கேட்கிற கூச்சம் நமக்கு இருக்கும், கையெழுத்து இருக்கும். அட்டையில் அது இல்லை. 2022 செப்டம்பரில் ரூபே கடன் அட்டையை யுபிஐயோடு இணைக்கிற வசதி வந்துவிட்டது. இப்போது பெட்டிக்கடையில் ஒட்டியிருக்கிற ஸ்கேன் படத்தில் காட்டினால் போதும். வங்கியில் இருக்கிற நம் காசு போகிறதா, அட்டைக் கடன் ஏறுகிறதா என்று கவனிக்காமலேயே ஐம்பது ரூபாய்க்குக் காய்கறி வாங்கிவிடலாம்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. 2011-12-ல் மத்திய அரசு நெசவாளர் கடன் அட்டை என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிறகு அது நெசவாளர் முத்ரா கடனாக மாறி, 6 சதவீத வட்டிக்குத் தொழில் கடன் கிடைக்கிறது. பட்டு, ஜரிகை வாங்க, தறியைச் சரிசெய்ய என்று நெசவுக்காகக் கொடுப்பது அது. கடைத்தெருவில் தேய்க்கிற அட்டை வேறு. பேர் ஒன்றாக இருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். 6 எங்கே, அடுத்து நான் சொல்லப்போகிற வட்டி எங்கே, பாருங்கள்.

மூணரை வட்டி

அட்டைக்காரர்கள் "மாதம் 3.5 சதவீதம்" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். 3 முதல் 3.75 வரை வங்கிக்கு வங்கி மாறும். தறித்தெரு பாஷையில் சொன்னால் மூணரை வட்டி. நூற்றுக்கு மூணரை ரூபாய். வருடத்துக்கு 42 சதவீதம். மூணரை வட்டிக்குப் பணம் தருகிறேன் என்று ஒருத்தர் வாசலில் வந்து நின்றால் நாம் எப்படிப் பார்ப்போம்? கடன் அட்டைக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. அதனால் நம்மை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

பில் தொகை முழுவதையும் கடைசித் தேதிக்குள் கட்டிவிட்டால் வட்டி கிடையாது. அதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நியாயம் இல்லை. அப்படிக் கட்டுகிறவருக்கு அட்டை நல்ல வசதி. பிரச்சினை பில்லில் இருக்கிற இன்னொரு வரியில் இருக்கு. "குறைந்தபட்சத் தொகை." 20,000 ரூபாய் பில்லுக்கு 1,000 ரூபாய் கட்டினால் போதும் என்பது போலத் தெரியும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20,000-க்கு மூணரை வட்டி 700 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 126 ரூபாய். மொத்தம் 826. நீங்கள் கட்டிய 1,000-ல் அசலுக்குப் போவது 174 ரூபாய்தான். புதிதாக ஒரு பைசாவுக்கும் வாங்காமல், மாதா மாதம் தவறாமல் 1,000 கட்டிக்கொண்டே வந்தாலும் கடன் தீர 43 மாதத்துக்கு மேல் ஆகும். கட்டிய பணம் 43,000 ரூபாயைத் தாண்டிவிடும். இதே 20,000 நம் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு வாங்கி, அதே 1,000 கட்டினால் 23-வது மாதத்தில் தீரும். மொத்தம் சுமார் 22,400. இரண்டுக்கும் நடுவில் இருபதாயிரத்துக்கு மேல் வித்தியாசம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15-ல் நம்ம காஞ்சிபுரத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய் நம்மில் பல பேர் கணக்கில் விழுகிறது. அந்தக் கணக்கிலிருந்தே அட்டையின் குறைந்தபட்சத் தொகை தானாகக் கழிகிற மாதிரி போட்டு வைத்திருந்தால் என்ன ஆகும்? பெண்ணின் கைக்கு என்று வந்த 1,000-ல் 826 வட்டிக்கே போகும். அந்த அக்காவுக்கு அது தெரியவே தெரியாது. மாதா மாதம் பணம் வந்தது, போனது, அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு விஷயம். பில்லை முழுதாகக் கட்டவில்லை என்றால் வட்டியில்லாக் காலம் என்கிற சலுகை போய்விடும். அதற்குப் பிறகு வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அட்டையைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தாலோ, அதற்குக் கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு. அவசரத்துக்கு என்று அதைச் செய்யாதீர்கள். அந்த அவசரத்துக்குத்தான் குழு இருக்கிறது.

ஆடியில் வாங்கியது ஆவணியில் வரும்

சரி, ஏன் தவறுகிறோம்? பெரும்பாலும் ஆடம்பரத்தால் இல்லை. தேதி குழப்பத்தால்.

ஒரு வீட்டை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அவர்கள் அட்டைக்கு மாதா மாதம் 20-ந் தேதி பில் போடுவார்கள். ஜூலை 21-ல் ஆடித் தள்ளுபடியில் குக்கரும் துணியும் 6,400 ரூபாய்க்கு அட்டையில் வாங்கினார்கள். ஆகஸ்ட் 2-ல் மாமியாருக்கு மருந்து 1,850. ஆகஸ்ட் 12-ல் பிள்ளைகளுக்கு ஷூவும் புத்தகப் பையும் 2,750. மொத்தம் 11,000. ஆகஸ்ட் 20-ல் பில் வரும், செப்டம்பர் 9-க்குள் கட்ட வேண்டும். குக்கர் வாங்கி ஐம்பது நாள் ஆகிவிட்டது. ஆடியில் வாங்கியதற்கு ஆவணியில் பணம் கேட்கிறார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, சேலை கேட்பவர்கள் குறைவு, கூலியும் மந்தம். "பதினோராயிரமா? நாம எதுவுமே வாங்கலியே!" என்று வீட்டில் சண்டை வரும். அவர் இவரைக் கேட்பார், இவர் அவரைக் கேட்பார். பணம் இல்லாததால், குறைந்தபட்சத் தொகையைக் கட்டிவிட்டு நகர்வார்கள். மூணரை வட்டி தொடங்குவது அந்த நாளில்தான்.

எழுதி வைத்திருந்தால் இந்தச் சண்டை வராது.

கைபேசியில் எழுதுவது எப்படி

எழுத நோட்டும் போதும். ஆனால் நோட்டு வீட்டில் இருக்கும், நாம் கடையில் இருப்போம். கைபேசி எப்போதும் கையில் இருக்கிறது. கூட்டல் கழித்தலையும் அதுவே போட்டுவிடும். வீட்டு பட்ஜெட் செயலிகள் இலவசமாகவே நிறைய இருக்கின்றன. எந்தச் செயலியும் வேண்டாம் என்றால் கூகுள் ஷீட்ஸில் ஐந்து கட்டம் போட்டால் போதும். வீட்டில் பிள்ளைகளுக்கு லேப்டாப் இருந்தால் க்னூகேஷ் என்று ஒரு மென்பொருள் இருக்கு. இலவசம். நம் குழுப் பேரேடு மாதிரியே இரட்டைப் பதிவு முறையில் வேலை செய்யும்.

எதை எடுத்தாலும் முதலில் நான்கு கணக்கு தொடங்குங்கள். கைப்பணம், வங்கி, கடன் அட்டை, குழுக் கடன். கடைசி இரண்டும் கடன் கணக்குகள். அதில் தொகை கழித்தல் குறியோடு நிற்கும். சிவப்பில் காட்டும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

இப்போது மூன்று பழக்கம் சொல்கிறேன். செயலி எதுவானாலும் இந்த மூன்றும் ஒன்றுதான்.

முதலாவது, வாங்கிய அன்றைக்கே எழுதுங்கள். பில் வருகிற அன்றைக்கு இல்லை. ஜூலை 21, குக்கர், துணி, 6,400, எதிலிருந்து? கடன் அட்டை. அன்றைக்கே சிவப்பில் 6,400 நிற்கும். பணம் இன்னும் நம் கையை விட்டுப் போகவில்லை என்றாலும் செலவு நடந்துவிட்டது.

இரண்டாவது, எழுதிய அன்றைக்கே அந்தத் தொகையை ஒதுக்குங்கள். நம்ம அம்மாக்கள் பால் பாக்கிக்குப் பருப்பு டப்பாவில், சீட்டுப் பணத்துக்கு அரிசிப் பானையில் என்று பிரித்து வைத்தார்களே, அதே வேலை. செயலியில் "அட்டைக்கு ஒதுக்கியது" என்று ஒரு தலைப்பு போட்டு, வங்கியில் இருக்கிற பணத்திலிருந்து 6,400-ஐ அதில் எழுதிவிட்டால், மிச்சம் எவ்வளவு செலவு பண்ணலாம் என்பது தெரியும். ஒதுக்கக் காசு இல்லை என்றால்? அப்போது அந்தப் பொருளை வாங்க நம்மிடம் காசு இல்லை என்று அர்த்தம். கடையிலேயே இது தெரிந்துவிடும், செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

மூன்றாவது, ரொம்ப முக்கியம். பில் கட்டும்போது அதைச் செலவு என்று எழுதாதீர்கள். நிறைய பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். குக்கரை ஜூலையிலேயே செலவாக எழுதியாச்சு. செப்டம்பரில் 11,000 கட்டுவதையும் செலவு என்று எழுதினால், அந்த வீடு 22,000 செலவு பண்ணின மாதிரி காட்டும். "இந்த மிஷின் கணக்கு தப்பு" என்று செயலியையே அழித்துவிடுவோம். செயலியில் டிரான்ஸ்ஃபர் என்று ஒரு பொத்தான் இருக்கும். வங்கியிலிருந்து அட்டைக்கு 11,000 டிரான்ஸ்ஃபர் என்று எழுதுங்கள். இங்கே குறையும், அங்கே சிவப்பு அழியும். நம் குழுவில் ஓர் அக்கா அசலைத் திருப்பிக் கட்டினால் அதைக் குழுவின் வருமானம் என்று எழுதுகிறோமா? இல்லை. அசல் தனி, வட்டி தனி. அதே விதிதான். அட்டைக்காரர் போடுகிற வட்டி, தாமதக் கட்டணம், ஆண்டுக் கட்டணம் இவற்றை மட்டும் "அட்டை வட்டி" என்று தனித் தலைப்பில் செலவாக எழுதுங்கள். வருடக் கடைசியில் அந்த ஒரு தலைப்பின் கூட்டுத்தொகையைப் பார்த்தால், அட்டை நமக்கு லாபமா நஷ்டமா என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நெசவு வீட்டுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. செயலிகள் எல்லாம் மாதச் சம்பளக்காரருக்காகச் செய்தவை. "மாத வருமானம் எவ்வளவு" என்று கேட்கும். நமக்கு வருமானம் சேலை இறக்கும் நாளில்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு போட முடியாது, தறி நிற்கும். அதனால் போன வருடத்தில் ரொம்பக் குறைவாக வந்த மாதம் எதுவோ, அந்தத் தொகையை வருமானமாகப் போட்டு பட்ஜெட் எழுதுங்கள். அதிகமாக வந்த மாதத்து மிச்சத்தை மழை மாதத்துக்கும், வைகாசியில் கருட சேவைக்கு வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் செலவுக்கும் ஒதுக்குங்கள். விருந்தாளி வருவது முன்னாடியே தெரிந்த செலவு. அதற்கு அட்டை தேவையில்லை.

கவனமாக இருக்க வேண்டியவை

சில செயலிகள் வங்கியின் எஸ்எம்எஸ்ஸைத் தானே படித்துச் செலவை எழுதிக்கொள்ளும். வசதிதான். ஆனால் நம் குறுஞ்செய்தியை எல்லாம் அது படிக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். என் யோசனை, கையால் எழுதுகிற செயலியே நல்லது. எழுதும்போதுதான் மனசில் பதியும். எந்தக் கணக்குச் செயலிக்கும் உங்கள் அட்டையின் பின் எண்ணோ, பின்புறத்து மூன்று இலக்கமோ, ஓடிபியோ தேவையில்லை. கேட்டால் அது கணக்குச் செயலி இல்லை, அழித்துவிடுங்கள். அதே போல, கடன் கொடுக்கும் செயலி நம் கைபேசியில் இருக்கும் தொடர்பு எண்களையும் படங்களையும் எடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

மாதக் கடைசியில் கணக்கை ஒரு நகல் எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் மின்ட் என்று ரொம்பப் பேர் பயன்படுத்திய பட்ஜெட் செயலி 2024 மார்ச்சில் மூடப்பட்டது. பல வருடக் கணக்கை அதில் வைத்திருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. நம் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும்.

பில் வந்ததும் நீங்கள் எழுதியதோடு வரிக்கு வரி ஒத்துப் பாருங்கள். வாங்காத பொருள் பில்லில் இருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். நம் தவறு இல்லாமல் வெளியாள் செய்த மோசடியை, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு நம் தலையில் விழாது. சைபர் மோசடிக்கு 1930. ஓடிபியை நாமே சொல்லிவிட்டால் கதை வேறு, அதனால் யாருக்கும் சொல்லாதீர்கள்.

அட்டை உங்கள் பேரில் இருந்தால் கடனும் உங்கள் பேரில்தான். தேய்த்தது கொழுந்தனாராக இருந்தாலும், தம்பி மகனாக இருந்தாலும், தவணை தவறினால் கடன் தகவல் அறிக்கையில் கறுப்புப் புள்ளி உங்களுக்கு. நாளைக்கு வீட்டுக் கடன், தொழில் கடன் என்று போனால் அது முன்னாடி வந்து நிற்கும். அந்த அறிக்கையை வருடத்துக்கு ஒரு முறை இலவசமாகப் பார்க்கலாம். பார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரருக்கு உதவ வேண்டும் என்றால் உதவுங்கள். ஆனால் அவர் வாங்கியதை அவர் பேரில் தனிக் கணக்கு தொடங்கி எழுதுங்கள். "உங்க கணக்கு இவ்வளவு நிக்குது தம்பி" என்று கைபேசியைக் காட்டிக் கேட்பது, வாய் வார்த்தையாகக் கேட்பதை விடச் சங்கடம் குறைவு.

ஏற்கெனவே மாட்டியிருந்தால்

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சில பேர் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பீர்கள், எனக்குத் தெரியும். வெட்கப்பட ஒன்றுமில்லை. முதலில் அட்டையில் வாங்குவதை நிறுத்துங்கள். நிற்கிற மொத்தத் தொகையையும் வட்டி விகிதத்தையும் எழுதுங்கள். அப்புறம் உங்கள் ஊக்குநரிடம் பேசுங்கள். மூணரை வட்டிக் கடனைக் குழுவின் ஒரு வட்டிக் கடனால் தீர்க்க முடியுமா என்று குழு உட்கார்ந்து முடிவு செய்யலாம். ஒரே நிபந்தனை, பாக்கி தீர்ந்ததும் அட்டையை மூடிவிட வேண்டும். இல்லையென்றால் இரண்டு கடனும் சேர்ந்து நிற்கும். பாக்கியைக் கட்டி முடித்து மூடச் சொன்னால், வங்கி ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் நமக்குத் தர வேண்டும் என்பதும் விதி.

வசூலுக்கு வருகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொலைபேசியில் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. மீறினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

கடைசியாகக் கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். வாரக் கூட்டத்தில் சேமிப்பு வசூலித்த பிறகு, விருப்பம் உள்ள உறுப்பினர்கள் மூன்று எண் மட்டும் பார்த்துக்கொள்வோம். அட்டையில் நிற்பது எவ்வளவு, கட்ட வேண்டிய தேதி எது, ஒதுக்கியது எவ்வளவு. என்ன வாங்கினாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, தீர்மானப் புத்தகத்திலும் ஏற்றக் கூடாது. கைபேசி தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிற தங்கை எழுதிக் கொடுக்கட்டும். வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவரைப் பிடிக்கிறதுக்கு இல்லை, அவரும் அதே கணக்கில் எழுதுவதற்கு. அவர் டீக்கடையில் ஸ்கேன் பண்ணியதும், நாம் மளிகையில் ஸ்கேன் பண்ணியதும் ஒரே இடத்தில் நின்றால்தான் அது வீட்டுக் கணக்கு.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று பின்னால் இருந்து கை காட்டுகிறார்கள். செயலி போட்டுத்தர உதவி வேண்டும் என்பவர்கள் சாப்பிட்ட பிறகு இடதுபக்க மேஜைக்கு வாருங்கள். கைபேசியில் சார்ஜ் இருக்கட்டும், கடைசியாக வந்த அட்டை பில்லும் இருந்தால் ரொம்ப நல்லது. கூச்சப்படாமல் வாங்க.